கேப்டனின் இடது கால் சாக்ஸ்

அத்தியாயம் 6

மூக்கைப் பிடித்துக்கொண்டே துப்பறிவது எப்படி என்று பன்னெண்டுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அன்று காலை ஹோட்டலில் மாமாவின் அறைக்குள் நுழைந்ததுமே தானாகக் கற்றுக்கொண்டான்.

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு சாக்ஸ். பையின் வாயை முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு பைக்குள் திணித்து, அதற்கும் ஒரு முடிச்சு போட்டிருந்தார்கள். அப்படியும் வாடை வெளியே வந்து, அறையில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக நலம் விசாரித்துக்கொண்டிருந்தது.

“இது வலது கால்,” என்றார் மாமா. “இடது காலைக் காணோம். நீதான் கண்டுபிடிச்சுத் தரணும், பாப்பா.”

பாப்பா என்று அவர் அழைத்தது தன் தங்கையை. பாப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தொழில் துப்பறிவது. காணாமல் போன நகை, கல்யாணத்துக்கு முதல் நாள் ஓடிப்போன மாப்பிள்ளை, கள்ளக் கையெழுத்து, எது வந்தாலும் ஒரு கை பார்ப்பவள். அக்கா மகன் பன்னெண்டை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து, அவன் ‘சித்தி, சித்தி’ என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கட்சிக்காரர்கள், போலீஸ்காரர்கள், பிடிபட்ட திருடர்கள் உட்பட ஊரே அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டது.

பன்னெண்டு என்பது கல்லூரி வைத்த பட்டம். படித்து முடிக்கும்வரை கல்லூரி டீமில் பன்னிரண்டாவது ஆளாகவே இருந்து, தண்ணீர் சுமந்து, துண்டு சுமந்து, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வெளியே வந்தவன். அப்படியும் கிரிக்கெட் என்றால் அவனுக்கு உயிர். சித்திக்கோ கிரிக்கெட் என்றால் தூக்கம். அண்ணன் தேசிய அணிக்கு மேனேஜர், வெளிநாட்டுச் சுற்றுப்பயணம், விமான டிக்கெட் ஓசி என்றதும் அக்கா மகனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இதுவரை நடந்த நாலு ஆட்டத்திலும் நிம்மதியாகத் தூங்கினாள்.

“ஒரு சாக்ஸுக்கா இவ்வளவு அமர்க்களம்? கடையில ஒரு ஜோடி வாங்கிக் குடுண்ணா.”

“அது சாக்ஸ் இல்ல பாப்பா, ராசி. முதல் மேட்ச்ல கேப்டன் அதைப் போட்டுக்கிட்டுத்தான் செஞ்சுரி அடிச்சாரு. அன்னையிலேருந்து துவைக்கவே இல்ல.”

“துவைக்கலையா?”

“துவைச்சா ராசி போயிடும்ல?”

“அப்புறம் எப்படி ரெண்டாவது மேட்ச்ல தோத்தீங்க?”

“அன்னைக்கு மழை சித்தி,” என்று பன்னெண்டு குறுக்கிட்டான். “சாக்ஸ் நனைஞ்சு கொஞ்சம் வெளுத்துப் போச்சு.”

சித்தி அண்ணனையும் அக்கா மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தக் குடும்பத்திலா நான் பிறந்தேன் என்று அவள் யோசிப்பது பன்னெண்டுக்கு நன்றாகத் தெரிந்தது.

மாமா நேற்று நடந்ததைச் சொன்னார். கேப்டன் முதல் பந்திலேயே அவுட். டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தார், சாக்ஸைக் கழற்றிப் பக்கத்து நாற்காலி முதுகில் போட்டார், கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் அந்த அதிசயம். மைதானத்தில் ஒரு ஜோடி நிலைத்து நின்று வெளுத்து வாங்க ஆரம்பித்தது.

“ஒரு ஜோடி நல்லா நின்னுச்சுன்னா, ரூம்ல இருக்கறவங்க யாரும் இடம் மாறக் கூடாது,” என்றார் மாமா. “எப்படி உக்காந்திருந்தோமோ அப்படியே உக்காந்திருக்கணும். திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. அசைஞ்சா விக்கெட் விழுந்துடும்.”

“விழுந்தா?”

“கேப்டன் எழுந்து ‘எவன்டா நகர்ந்தது?’ன்னு ஒரு சத்தம் போடுவாரு பாருங்க சித்தி,” என்று பன்னெண்டு எழுந்து நின்று கேப்டன் மாதிரியே இடுப்பில் கை வைத்துக் காட்டினான். “கடைசி கேலரி வரைக்கும் கேக்கும். அதுக்குன்னே ரசிகர்கள் இருக்காங்க.”

“சரி, உக்காரு. அப்புறம் என்னண்ணா ஆச்சு?”

ஜெயிக்க வேண்டிய ஆட்டம். திடீரென்று ஜோடி உடைந்தது. அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் வந்த வேகத்தில் திரும்பினார்கள். தோல்வி. தொடர் இரண்டுக்கு இரண்டு என்று ஆனது. நாளைக்குக் கடைசி ஆட்டம். அழுகையும் ஆத்திரமுமாக எல்லாரும் மூட்டை கட்டும்போது பார்த்தால் சாக்ஸைக் காணோம். எல்லார் பையையும் கொட்டித் தேடினார்கள். வலது கால் மட்டும் ஸ்டெப்னியின் பைக்குள் கிடந்தது.

ஸ்டெப்னி என்பவன் மாற்று விக்கெட் கீப்பர். டூருக்கு டூர் கூட வருவான், பஸ்ஸில் ஏறுவான், இறங்குவான். ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. நேற்று மெயின் கீப்பருக்கு விரல் உடைந்ததால், நாளைக்கு முதல் முறையாக அவன் ஆட வேண்டியவன்.

“எல்லாரும் ஆணி அடிச்ச மாதிரி உக்காந்திருந்தாங்க. அவன் ஒருத்தன்தான் பேட்ஸ்மேனுக்கு கிளவுஸ் கொண்டுபோறேன்னு எழுந்து போனான்,” என்றார் மாமா. “சாக்ஸ் நாறுது நாறுதுன்னு முதல் நாள்லேருந்து புலம்பினவனும் அவன்தான். டீமே கொதிச்சுப்போய் இருக்கு. சாயங்காலம் டாக்ஸி வருது, ஏர்போர்ட்டுக்கு அனுப்பிடறோம். அதுக்குள்ள இடது கால் எங்கன்னு அவன் வாயிலேருந்து வரவழைச்சிடு. அது இல்லாம நாளைக்கு மைதானத்துல கால் வைக்க மாட்டேன்னு கேப்டன் அடம் பிடிக்கிறாரு.”

“நாறுதுன்னு சொன்னது குத்தமா? நானும்தான் சொல்றேன்,” என்று சித்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “அதே டாக்ஸியில எனக்கும் ஒரு இடம் போட்டு வை.”

*

ஸ்டெப்னி கட்டிலில் உட்கார்ந்து புது யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தான். கவர்கூடப் பிரிக்காத சட்டை. மடித்து வைப்பதும், சரியில்லை என்று பிரித்து மறுபடி மடிப்பதுமாக இருந்தான்.

“நான் எடுக்கல சித்தி,” என்றான். அவன் கண் வீங்கியிருந்தது. “அம்மா மேல சத்தியமா எடுக்கல. நாளைக்கு நான் ஆடறேன்னு நேத்து வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன். அப்பா தெரு முழுக்கச் சொல்லிட்டாரு. எல்லாரும் பார்க்கறதுக்குப் பெரிய திரை கட்டறாராம். இப்ப நான் என்னன்னு சொல்லுவேன்?”

பன்னெண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலும் துண்டுமாகக் கயிற்றோரம் நிற்பவனின் மனசு இன்னொரு பன்னிரண்டாவது ஆளுக்குத்தான் தெரியும்.

“நீ கிளவுஸ் எடுக்கும்போது சாக்ஸ் இருந்துச்சா?” என்று கேட்டாள் சித்தி.

“ரெண்டும் இருந்துச்சு. கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலியில. என் பேக் அவருக்குப் பின்னால, ஜன்னலுக்குக் கீழ. மூச்சை அடக்கிக்கிட்டுப் போய் கிளவுஸை எடுத்தேன். எங்க மூச்சு விட்டுடுவேனோங்கற பயத்துல ஜிப்பைக்கூட மூடாம ஓடிட்டேன்.”

“திரும்பி எப்ப வந்தே?”

“விக்கெட் விழுந்த பிறகுதான். உள்ள வந்தா ஜோடி உடைஞ்சிடும்னு பயம். பவுண்டரி கயித்துக்கிட்டயே நின்னேன். இதை யாரு நம்பறா? நான் போகும்போது சாக்ஸ் அங்கதான் இருந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. எல்லாரும் முன்னால கண்ணாடி வழியா கிரவுண்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க.”

“அறை நிறைய ஆளு, ஒருத்தருக்கும் கண்ணு இல்ல,” என்றாள் சித்தி. “பன்னெண்டு, கிளம்பு. டீ கிடைக்கிற இடமா இருந்தா முதல்ல டீ.”

*

மைதானத்தில் வலைப்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சித்தி டீயோடு டிரெஸ்ஸிங் ரூமைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் மைதானத்தைப் பார்த்த பெரிய கண்ணாடி, அதைப் பார்த்தபடி இரண்டு வரிசை நாற்காலிகள். பக்கச் சுவரில் கதவு. பின்னால் ஒரு கழிவறை, அதை ஒட்டிச் சின்ன ஜன்னல்.

வாசலில் நின்ற பன்னெண்டை ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஓரம் கட்டினார்கள்.

“அண்ணே, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றான் தொடக்க ஆட்டக்காரன். “நான் மூக்கைச் சொறிஞ்சேன். அடுத்த பந்து அவுட். பாவம் என் தலையில.”

“நான் கால் மேல போட்டிருந்த காலை எடுத்தேன்,” என்றான் சுழல்பந்துக்காரன். “மரத்துப் போச்சுண்ணே. நல்லவேளை, நேத்து யாரும் ஒண்ணும் கேக்கல.”

மூன்றாவது ஆள் தும்மியிருந்தான். நாலாவது ஆள் மனசுக்குள் ‘இனிமே ஜெயிச்சுடலாம்’ என்று நினைத்துவிட்டானாம். நினைத்ததும் நகர்ந்த கணக்குத்தானே என்று அவன் கண் கலங்கினான்.

“சித்தி, கேஸ் முடிஞ்சுது,” என்றான் பன்னெண்டு. “மொத்த டீமும் குற்றத்தை ஒப்புக்கிட்டாச்சு. சாக்ஸை எடுத்தேன்னு மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்.”

சித்தி பக்கத்து அறையில் மசாஜ் மேஜை மேல் உட்கார்ந்திருந்த கோச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோச்சுக்கு டீமில் ‘டேட்டா சார்’ என்று பெயர். லேப்டாப்பும் கையுமாக இருப்பவர். ராசி பார்ப்பது மூளைச்சோம்பல் என்று பேப்பரில் பெரிய எழுத்தில் அடித்து, அந்த அறைச் சுவரில் அவரே ஒட்டியிருந்தார். நேற்று அந்த நேரத்தில் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்ததாக மாமாவிடம் சொல்லியிருந்தார். பிசியோ அவருடைய வலது தோளைப் பிசைந்துகொண்டிருக்க, அவர் இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சித்தி பிசியோவைச் சர்க்கரை வாங்கி வர அனுப்பினாள்.

“நேத்து நீங்க பந்து போட்டீங்களா சார்?”

“நானா? நான் கோச்சும்மா.”

“அப்ப தோள் எப்படிப் பிடிச்சுக்கிச்சு? போனைக் காதுல வச்சா முழங்கை மடங்கும். நீங்க நீட்டின கையை மடக்க முடியாம தவிக்கிறீங்க. ரொம்ப நேரம் எதையோ நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கீங்க.” சித்தி திரும்பி டிரெஸ்ஸிங் ரூம் கதவைப் பார்த்தாள். “கதவுக் கைப்பிடியா?”

டேட்டா சார் சுவரில் தாம் ஒட்டிய பேப்பரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“டாய்லெட் போகத்தான் எழுந்தேன்,” என்றார் மெதுவாக. “உள்ள நம்ம பௌலர் எக்ஸ்பிரஸ் இருந்தான். சரி, வெளிய போகலாம்னு கைப்பிடியில கை வச்சேன். அந்த நேரம் பார்த்து சிக்ஸ். எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தபடியே ‘எவனும் அசையக் கூடாது’ன்னு கத்தினாங்க. நான் நின்னதை யாரும் திரும்பிப் பார்க்கல.”

“நீங்க அசையல.”

“ரன் ரேட் நல்லா இருந்துச்சும்மா.”

“அவ்வளவு நேரமுமா? அப்ப உங்க அவசரம்?” என்றான் பன்னெண்டு.

“அதைக் கேக்காதப்பா.”

“ஸ்டெப்னி உங்களைத் தாண்டித்தானே வெளிய போனான்?” என்றாள் சித்தி.

“ஆமா. நான்தான் இந்தக் கையாலேயே கதவைத் திறந்து விட்டு மூடினேன். விக்கெட் விழுற வரைக்கும் திரும்பி வரல.”

“அவன் போன பிறகும் சாக்ஸ் ரூம்லதான் இருந்துச்சா?”

“நான் கதவைப் பார்த்து நின்னேன், கண்ணால பார்க்கல. ஆனா வாடை இருந்துச்சு. மத்தவங்களுக்கெல்லாம் மூக்கு செத்துப்போச்சு. நான் வழக்கமா அடுத்த ரூம்ல லேப்டாப்போட இருக்கற ஆளு, என் மூக்கு இன்னும் உயிரோட இருக்கு. ஒரு கட்டத்துல வாடை சட்டுனு பாதியாக் குறைஞ்சுது. காத்து மாறிடுச்சு போலன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் கொஞ்ச நேரத்துல விக்கெட்.”

“இதை நேத்தே சொல்லியிருந்தா அந்தப் புள்ளை இன்னைக்கு மூட்டை கட்டிக்கிட்டு அழுதுட்டிருக்க மாட்டான்.”

“சொன்னா நான் நின்ன கதையும் சேர்த்துச் சொல்லணுமே,” என்று டேட்டா சார் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒருத்தன் பொழப்பு போகுது, உங்களுக்கு மானம் பெரிசாப் போச்சு!” சித்திக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. டீயைக்கூட முடிக்கவில்லை.

*

வேகப்பந்து வீச்சாளன் எக்ஸ்பிரஸ் ஓடி வந்து பந்தைப் போட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“நேத்து எவ்வளவு நேரம்யா உள்ள இருந்தே?” என்றான் பன்னெண்டு.

“ஜோடி ஆரம்பிக்கும்போது போனவண்ணே. வெளிய வர கதவைத் திறந்தேன். ‘உள்ளேயே இருடா’ன்னு ஊளையிட்டாங்க. உக்காந்துட்டேன். என்ன பண்றது, நாட்டுக்காக.”

“அங்கேருந்து ஏதாவது கேட்டியா?” என்றாள் சித்தி.

“கைத்தட்டல்தான். அப்புறம் வெண்டிலேட்டருக்குக் கீழ, பின்பக்கம் ஒரு நாய். அப்படி ஒரு சந்தோஷமா குரைச்சுது சித்தி. யாரோ அதுக்குக் கல்யாண விருந்து போட்ட மாதிரி. கொஞ்ச நேரத்துல கூட்டம் ‘ஓ’ன்னு சிரிச்சுது. அப்புறம் விக்கெட்.”

பன்னெண்டு தலையில் அடித்துக்கொண்டான்.

“நாய்! சித்தி, நாய்! மேட்சே கொஞ்ச நேரம் நின்னுச்சே!”

“நான் எங்க பார்த்தேன்? தூங்கிட்டேன்.”

பன்னெண்டு செல்போனைத் தடவி வீடியோவைக் காட்டினான். நேற்றிலிருந்து உலகமே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் வீடியோ. பழுப்பு நாய் ஒன்று பிட்ச் வரைக்கும் பாய்ந்து ஓடுகிறது. ஃபீல்டர்கள் துரத்துகிறார்கள். கயிற்றோரம் நின்ற ஸ்டெப்னி இரண்டு கையையும் நீட்டி நாய் மேல் டைவ் அடிக்கிறான். நாய் அவன் முதுகு மேலேயே ஏறி ஓடிவிடுகிறது. பேட்ஸ்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சிரித்த வாய் மூடுவதற்குள் அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறக்கிறது.

“வாயில என்ன?” என்றாள் சித்தி.

“பெருச்சாளின்னு கமென்ட்ரியில சொன்னாங்க.” பன்னெண்டு படத்தை நிறுத்திப் பெரிதாக்கினான். பெருச்சாளிக்கு வால் இல்லை. கால் இல்லை. ஆனால் குதிகால் இருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் கைப்பை குலுங்கச் சித்தி ஓடினாள். அந்த உடம்பு அப்படி ஓடி பன்னெண்டு பார்த்ததே இல்லை.

பின்பக்கம், புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கும் கொட்டகை. அதன் வாசலில் மைதானக்காரர் நீண்ட குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் பாஷை சித்திக்குத் தெரியாது, சித்தியின் பாஷை அவருக்குத் தெரியாது. சித்தி தன் காலைத் தொட்டுக் காட்டினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் “வள்” என்றாள். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உள்ளே கைகாட்டினார்.

ரோலருக்குப் பின்னால் சாக்கு விரித்து நாய் படுத்திருந்தது. அதன் சொத்தெல்லாம் சுற்றி இருந்தன. தேய்ந்த பந்து இரண்டு, ஒற்றைச் செருப்பு, அம்பயர் தொப்பி ஒன்று. எல்லாம் கடித்துக் குதறிய நிலையில். நடுவில், ஒரு பல்கூடப் படாமல், முழுசாக, கேப்டனின் இடது கால் சாக்ஸ். நாய் அதன் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“பாருடா, எவ்வளவு மரியாதையா வச்சிருக்கு,” என்றாள் சித்தி.

“ஸ்டெப்னி தப்பிச்சான்!” பன்னெண்டு துள்ளினான். “சாக்ஸ் வெளிய விழுந்தப்போ அவன் கிரவுண்டுல கயித்துக்கிட்ட நின்னுட்டிருந்தான். நாய் மேல டைவ் அடிச்சதை உலகமே பார்த்திருக்கு. மாமாகிட்டப் போகலாம் வாங்க.”

“அப்ப எறிஞ்சது யாரு?”

சித்தி கொட்டகை வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். பன்னெண்டும் பார்த்தான். நேர் மேலே டிரெஸ்ஸிங் ரூமின் அந்தச் சின்ன ஜன்னல். அதன் உட்பக்கம் யாருடைய நாற்காலி என்பது அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி கொட்டகைக் கூரையைப் பார்த்தான்.

“விக்கெட் விழுந்தா கேப்டன் என்ன கேப்பாருன்னு சொன்னே?”

“எவன்டா நகர்ந்ததுன்னு.”

“எப்பவும் கேப்பாரா?”

“ஒரு தடவைகூடத் தவற விட்டதில்ல.”

“நேத்து?”

நல்லவேளை, நேத்து யாரும் ஒண்ணும் கேக்கல. சுழல்பந்துக்காரன் சொன்னது பன்னெண்டின் காதில் மறுபடி கேட்டது. தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கேப்டன் படம் வைத்திருப்பவன் பன்னெண்டு.

“அவர் அப்படி ஆள் இல்ல சித்தி.”

“நானும் அதைத்தான்டா பார்க்கப் போறேன்,” என்றாள் சித்தி.

*

கேப்டன் ஹோட்டல் அறையில் வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சித்தி கைப்பையிலிருந்து சாக்ஸை இரண்டு விரலால் எடுத்ததும், அந்த ஆறடி மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார்.

“கிடைச்சிடுச்சா! சித்தி, நீங்க தெய்வம்! எங்க இருந்துச்சு?”

“நீங்க எறிஞ்ச இடத்துக்குப் பக்கத்துலதான்.”

சிரிப்பு அப்படியே நின்றது. ஜன்னல் வழியாகக் கீழே போர்ட்டிகோ தெரிந்தது. டாக்ஸி வந்து நின்றிருந்தது. ஸ்டெப்னியின் பைகளை டிரைவர் டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

கேப்டன் கட்டிலில் உட்கார்ந்தார்.

“முதல் பந்துல அவுட் ஆயிட்டு வந்தேன் சித்தி. துண்டுக்குள்ளேருந்து அதையே பார்த்துட்டிருந்தேன். இவ்வளவு நாள் உன்னைச் சுமந்தேனே, ஒரு ரன்னுக்குக்கூட நீ உதவலையேன்னு ஒரு ஆத்திரம். உக்காந்த இடத்துலேருந்தே பின்னால ஜன்னல் வழியா வீசிட்டேன். ஒண்ணு போச்சு. இன்னொண்ணு சட்டத்துல பட்டு எங்கயோ விழுந்துச்சு. எழுந்து பார்க்க முடியாது, ஜோடி நிக்குது. சத்தியமா அது அவன் பேக்ல விழுந்தது எனக்குத் தெரியாது.”

“அப்புறம் விக்கெட் விழுந்துச்சு.”

“வீசின கொஞ்ச நேரத்துல! அப்பதான் சித்தி எனக்கு முழு நம்பிக்கையே வந்துச்சு. இத்தனை நாள் பாதிதான் நம்பினேன். இப்ப அது இல்லாம எனக்குப் பேட்டைத் தூக்கவே பயமா இருக்கு.”

நாய் கதையைப் பன்னெண்டு சொன்னான். அந்தச் சாக்ஸை நாய் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் பேட்ஸ்மேன் சிரித்து அவுட் ஆனார் என்று. கேப்டன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“அவன் பேக்ல இருந்து எடுத்தப்போ எல்லாரும் கத்தினாங்க. நான் அவன்தான்னு சொல்லவே இல்ல.”

“அவன் இல்லைன்னும் சொல்லலையே சார்,” என்றான் பன்னெண்டு. தன் குரல் இப்படிக் கம்மும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. “நான் உங்க படத்தை மேஜையில வச்சிருக்கேன். அவனும்தான் வச்சிருப்பான். அவங்க அப்பா திரை கட்டிட்டு உக்காந்திருக்காரு சார்.”

கீழே டிக்கியை அறைந்து மூடும் சத்தம் கேட்டது.

சித்தி சாக்ஸைக் கட்டில் மேல் வைத்தாள். “நீங்க கேட்டதைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன். என் வேலை முடிஞ்சுது. போட்டுக்கறதும் போட்டுக்காததும் உங்க இஷ்டம்.”

கேப்டன் சாக்ஸைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், லிஃப்டுக்குக் காத்திராமல், படியில் தடதடவென்று இறங்கினார். பன்னெண்டு பின்னாலேயே ஓடினான்.

போர்ட்டிகோவில் டீம் முழுக்க நின்றது. ஒருவனும் ஸ்டெப்னியின் முகத்தைப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு வந்த கேப்டன் டிக்கியைத் திறந்தார். பையை இழுத்து வெளியே போட்டார். இரண்டாவது பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நான்தான் எறிஞ்சேன்,” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. “இவன் இல்ல. தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். தப்பு. என்னை மன்னிச்சிடுடா தம்பி. நாளைக்கு நீ ஆடற.”

ஸ்டெப்னி அழுதான். மாமா கண்ணாடியைத் துடைத்தார். டேட்டா சார் தோளைத் தேய்த்துக்கொண்டே முன்னால் வந்து, தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று கதவுக் கைப்பிடி கதையை ஆரம்பித்தார். கூட்டம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்க, எக்ஸ்பிரஸ்தான் முதலில் தாங்க முடியாமல் கையைத் தூக்கினான்.

“கேப்டன், ஒரே ஒரு தடவை நாங்க கேட்டுக்கலாமா?”

“கேளுங்கடா,” என்றார் கேப்டன்.

“எவன்டா நகர்ந்தது?” என்று மொத்த டீமும் கத்தியதில் டாக்ஸி டிரைவர் தன் காசைக்கூட வாங்காமல் வண்டியைக் கிளப்பப் பார்த்தான்.

*

மறுநாள். கடைசி ஓவர். எதிர் டீமுக்குக் கடைசி விக்கெட், ஜெயிக்க ஒரே ஒரு பவுண்டரி போதும். ஸ்டம்புக்குப் பின்னால் ஸ்டெப்னி குனிந்து நின்றான். கேப்டன் காலில் கடையில் வாங்கிய புது வெள்ளைச் சாக்ஸ். கொட்டகை வாசலில் நாய் இரண்டு கால் சாக்ஸையும் தலைக்கு வைத்துப் படுத்திருந்தது. இரண்டையும் கேப்டனே கொண்டுபோய்க் கொடுத்ததாகப் பேச்சு.

பன்னெண்டுக்குப் படபடப்பு தாங்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று கேலரியில் எழுந்தான். யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

சித்தி. தொடர் ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக முழுசாக விழித்திருந்தாள். கையில் பிடித்த பிஸ்கெட் பாதி வழியில் அப்படியே நின்றது.

“எவன்டா அது நகர்றது? உக்காரு!”

“சித்தி, நீங்களுமா?”

“மூச்சு விடாம உக்காருடா.”

எக்ஸ்பிரஸ் ஓடி வந்தான். பந்து மட்டையின் ஓரத்தை முத்தமிட்டு விலகிப் பறந்தது. ஸ்டெப்னி இரண்டு கையையும் நீட்டி டைவ் அடித்தான். நாய்க்கு அடித்த அதே டைவ். இந்தத் தடவை பந்து கைக்குள் இருந்தது. மைதானம் முழுக்க எழுந்து கத்தியது. எங்கோ ஒரு தெருவில், திரைக்கு முன்னால் ஒரு அப்பாவும் எழுந்து நின்றிருப்பார்.

பன்னெண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் சட்டையைச் சித்தி இன்னும் விடவில்லை.

“கேட்ச் பிடிச்சாச்சு சித்தி. இப்பவாவது எழுந்திருக்கலாமா?”

“இரு,” என்றாள் சித்தி. “அம்பயர் விரலைத் தூக்கட்டும்.”